அரசுப் பள்ளியில் மாணவர் துன்புறுத்தலைத் தடுக்கும் விதிமுறை: அதில் கட்டாயம் இருக்க வேண்டியவை எவை?

கேள்வி
(எழுதியவர்: பள்ளி மேலாண்மைக் குழுவின் பெற்றோர் உறுப்பினர்)

வணக்கம். என் மகள் படிக்கும் அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் பெற்றோர் சார்பில் உறுப்பினராக இருக்கிறேன். மாணவர்கள் சக மாணவரைத் துன்புறுத்துவதைத் தடுப்பதற்கென்று தனி விதிமுறை ஒன்றை எழுதித் தரும் பொறுப்பு என்னையும் சேர்த்து மூவரிடம் ஒப்படைக்கப்பட்டுள்ளது. இப்போது நடைமுறையில் இருப்பது, மாணவர் கையேட்டின் கடைசிப் பக்கத்தில் உள்ள ஒரே ஒரு வரி: "சக மாணவர்களைத் துன்புறுத்துவோர் மீது கடும் நடவடிக்கை எடுக்கப்படும்."

இத்தகைய வரியால் ஒரு பயனும் விளையாது என்பதை நான் பட்டறிந்தவள். இரண்டு ஆண்டுகளுக்கு முன், வேறொரு பள்ளியில், என் மகளை அவள் வகுப்பினர் சிலர் ஏழு மாதங்கள் தொடர்ந்து ஒதுக்கி வைத்தார்கள். அடி, உதை எதுவும் இல்லை. அவள் அமர்ந்த பலகையில் யாரும் அமரமாட்டார்கள். அவள் பேசத் தொடங்கினால் எல்லோரும் ஒரே நேரத்தில் வாய்மூடிக்கொள்வார்கள். அவள் நடையைக் கேலி செய்யும் பட்டப்பெயர் ஒன்று கைப்பேசிக் குழுவில் சுற்றியது. மூன்று முறை நேரில் சென்று சொன்னேன். "பிள்ளைகளுக்குள் வரும் சண்டைதானே, நாளைக்கே சேர்ந்துகொள்வார்கள்" என்ற பதிலே ஒவ்வொரு முறையும் கிடைத்தது. நான்காம் முறை எழுதிக் கொடுத்தபோது, இதற்கு முன் புகார் வந்ததாகப் பதிவு எதுவும் இல்லை என்றார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே எங்கும் ஒரு வரிகூடப் பதிவாகியிருக்கவில்லை.

எந்தச் செயலைத் துன்புறுத்தல் என்று வரையறுப்பது, தண்டனையை எவ்வளவு கடுமையாக வைப்பது, பிற நாடுகளின் சட்டங்களிலிருந்து எதை எடுத்துக்கொள்ளலாம் என்பவற்றில் உங்கள் கருத்தை வேண்டுகிறேன். எங்கள் குழுவில் மற்ற இருவரும் தண்டனைப் பட்டியலிலிருந்தே தொடங்க வேண்டும் என்கிறார்கள். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. ஆனால் ஏன் என்று தெளிவாகச் சொல்லத் தெரியவில்லை.


முதல் பதில்
(எழுதியவர்: கல்வி தொடர்பான வழக்குகளில் வாதாடும் வழக்கறிஞர்)

அம்மா, உங்கள் மனம் ஏன் ஒப்பவில்லை என்பதற்கு அந்த ஒரு வரியிலேயே விடை இருக்கிறது. "நடவடிக்கை எடுக்கப்படும்" என்கிறது அது. எடுப்பவர் யார்? ஆசிரியரா, தலைமை ஆசிரியரா, குழுவா? செய்பவரைச் சொல்லாத வாக்கியத்தால் எழுதப்பட்ட விதியை மீறியவர் என்று எவரையும் சுட்ட முடியாது, ஏனென்றால் அது எவருக்கும் கட்டளை இடவே இல்லை. உங்களிடம் மூன்று முறை சமாதானம் சொல்லி அனுப்பிய ஆசிரியர் எந்த விதியையும் மீறவில்லை என்பதுதான் அதில் உள்ள கொடுமை.

நன்றாக எழுதப்பட்ட சட்டங்கள் முதலில் குழந்தையை நோக்கிப் பேசுவதில்லை, பெரியவர்களை நோக்கிப் பேசுகின்றன. நார்வேயின் கல்விச் சட்டத்தில் 2017 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறைக்கு வந்து, 2024இல் வந்த புதிய சட்டத்திலும் அடிப்படையில் தொடரும் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளியில் பணிபுரியும் ஒவ்வொருவரும் மாணவர்களைக் கவனித்து வர வேண்டும், துன்புறுத்தலைக் கண்டால் உடனே குறுக்கிட வேண்டும், ஐயம் எழுந்தாலே தலைமை ஆசிரியருக்குத் தெரிவிக்க வேண்டும். பள்ளி அதை விசாரித்து, தக்க ஏற்பாடுகளைச் செய்ய வேண்டும். அந்த ஏற்பாடுகள் எழுத்துவடிவில் இருக்க வேண்டும் என்றும், எந்தச் சிக்கலைத் தீர்க்க, என்ன செய்யப்போகிறோம், எப்போது, யார் பொறுப்பு, பலன் தந்ததா என்று எப்போது மதிப்பிடுவோம் என்பவை அதில் இடம்பெற வேண்டும் என்றும் சட்டமே சொல்கிறது. தலைமை ஆசிரியரிடம் முறையிட்டு ஒரு வாரம் கடந்தும் பள்ளி தன் கடமையைச் செய்யவில்லை என்று கருதும் பெற்றோர் மாவட்ட ஆளுநர் அலுவலகத்துக்குச் செல்லலாம். இத்தனையும் எழுதப்பட்ட அந்தப் பகுதியில் துன்புறுத்திய குழந்தைக்கான தண்டனைப் பட்டியல் என்று ஒன்றும் இல்லை.

அமெரிக்காவில் இதற்கெனத் தனிக் கூட்டாட்சிச் சட்டம் கிடையாது. 1999இல் ஜார்ஜியாவில் தொடங்கி 2015இல் மான்டானாவில் முடிந்து, 50 மாநிலங்களும் தத்தம் சட்டங்களை இயற்றின. அவற்றுள் 2011இல் கையெழுத்தான நியூ ஜெர்சிச் சட்டம் கால வரையறைக்குப் பெயர் பெற்றது: செய்தி அறிந்த ஆசிரியர் அன்றே வாய்மொழியாகத் தலைமை ஆசிரியரிடம் சொல்ல வேண்டும், இரண்டு பள்ளி நாள்களுக்குள் எழுத்தில் தர வேண்டும், விசாரணை பத்துப் பள்ளி நாள்களுக்குள் முடிய வேண்டும். உங்களுக்கு ஏழு மாதங்களில் கிடைக்காதது இந்தப் பத்து நாள் கணக்குத்தான்.

மாநிலச் சட்டங்கள் வேறுபட்டிருந்ததால் அவற்றை ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பும் ஆய்வாளர்களுக்குக் கிடைத்தது. 25 மாநிலங்களைச் சேர்ந்த 63,635 மாணவர்களின் விடைகளைக் கொண்டு 2015இல் வெளியான ஆய்வு, அமெரிக்கக் கல்வித் துறை பரிந்துரைத்த கூறுகளுள் ஒன்றையேனும் தன் சட்டத்தில் கொண்ட மாநிலங்களில், துன்புறுத்தப்பட்டதாக மாணவர் சொல்லும் வாய்ப்பு 24 விழுக்காடு குறைவாக இருந்ததைக் கண்டது. சட்டத்தின் எல்லை எது என்ற தெளிவு, விலக்கப்பட்ட செயல்களின் விவரிப்பு, ஒவ்வொரு கல்வி மாவட்டமும் தனக்கென விதிமுறை வகுக்க வேண்டும் என்ற கட்டளை ஆகிய மூன்றுக்கும் பலனுக்கும் தொடர்பு இருந்தது. இதனால் சட்டம் மட்டுமே காரணம் என்று நிறுவிவிட முடியாது. ஆயினும் தெளிவாக எழுதுவது வீண் வேலை இல்லை என்ற அளவுக்கு இதை நம்பலாம்.

வரையறைக்கு வருகிறேன். நார்வேயில் பணியாற்றிய உளவியலாளர் டான் ஓல்வேயஸ் 1970களிலிருந்து செய்த ஆய்வுகளின் வழியே வந்த வரையறை மூன்று அடையாளங்களைச் சொல்லும்: வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, செய்பவருக்கும் படுபவருக்கும் இடையே வலிமை சமமாக இல்லாதது. ஆய்வுக்கு இது மிகப் பொருத்தம். விதிக்கு அப்படியே எடுத்துக்கொண்டால், "இன்னும் ஒரு முறை நடக்கட்டும், பார்க்கலாம்" என்று பள்ளி காத்திருக்க இடம் கொடுத்துவிடும். ஜப்பான் 2013இல் இயற்றிய சட்டம் வேறு வழியில் சென்றது. ஒரு மாணவரின் செயலால், இணையவழிச் செயல் உட்பட, அதற்கு ஆளான மாணவர் மனத்தாலோ உடலாலோ வேதனை அடைந்தால் அதுவே துன்புறுத்தல் என்கிறது அது. "விளையாட்டுக்குத்தான் சொன்னேன்" என்ற பழைய சாக்குக்கு அங்கே இடமில்லை. விசாரணையைத் தொடங்குவதற்கு ஜப்பானின் அகன்ற வரையறையையும், இறுதி முடிவு எழுதும்போது ஓல்வேயஸின் மூன்று அடையாளங்களையும் வைத்துக்கொள்ளுங்கள் என்பது என் யோசனை.


இரண்டாம் பதில்
(எழுதியவர்: ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர்)

வழக்கறிஞர் சொன்னவற்றில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் மேசையின் மறுபக்கத்தில் நெடுங்காலம் அமர்ந்தவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

தண்டனையைக் கடுமையாக்கினால் முதலில் குறைவது புகார்தான். என் பள்ளி ஒன்றில், துன்புறுத்தினால் உடனடி நீக்கம் என்று ஒரு காலத்தில் அறிவித்தோம். அந்த ஆண்டு ஒரு புகாரும் வரவில்லை, பெருமைப்பட்டேன். அடுத்த ஆண்டு ஒரு மாணவன் பள்ளிக்கு வருவதையே நிறுத்திய பிறகுதான், நான்கு ஆசிரியர்களுக்குச் செய்தி முன்பே தெரிந்திருந்தது தெரியவந்தது. பதின்மூன்று வயதுப் பையனின் படிப்பு தன் ஒரு சொல்லால் முடிந்துவிடக் கூடாது என்று ஒவ்வொருவரும் நினைத்திருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. குறை நான் எழுதிய விதியில் இருந்தது. இன்றும் அந்தப் பையனின் காலி இருக்கை என் கண்ணில் நிற்கிறது.

இது என் ஒருவனின் அனுபவம் மட்டும் இல்லை. அமெரிக்காவில் 1990களில் "சிறிதும் பொறுப்பதில்லை" என்ற கொள்கையின்கீழ் இடைநீக்கமும் வெளியேற்றமும் பெருகின. அமெரிக்க உளவியல் கழகத்தின் பணிக்குழு 2008இல் அதை ஆராய்ந்து, அக்கொள்கையால் பள்ளிகள் பாதுகாப்பானவை ஆயின என்பதற்குச் சான்று இல்லை என்று அறிக்கை தந்தது. பிரான்ஸ் 2022 மார்ச்சில் பள்ளித் துன்புறுத்தலைக் குற்றவியல் சட்டத்துக்குள்ளேயே கொண்டுவந்தது. பாதிக்கப்பட்டவர் உயிரை மாய்த்துக்கொண்டாலோ அதற்கு முயன்றாலோ பத்து ஆண்டுகள்வரை சிறை என்கிறது அது. அந்தக் கடுமையை எண்ணித் துணிந்துதான் எழுதியிருப்பார்கள். ஆனால் ஒரு பள்ளியின் அன்றாட வாழ்வுக்கு அதைவிடப் பயன்படக்கூடியது, அதே நாடு 2023இல் கொண்டுவந்த ஆணை: அரசுத் தொடக்கப் பள்ளியில், பிற வழிகள் பலன் தராதபோது, துன்புறுத்திய மாணவரை வேறு பள்ளிக்கு மாற்ற அது வழிவகுத்தது. பாதிக்கப்பட்ட பிள்ளையே பள்ளி மாறிப் போவதுதான் எங்கும் வழக்கமாக இருக்கிறது. அம்மா, உங்கள் மகளும் இப்போது வேறு பள்ளியில் படிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். காரணத்தைக் கேட்கவே தேவையில்லை.

இன்னொன்று, எண்ணிக்கையைப் பற்றியது. ஜப்பானில் 2011ஆம் கல்வியாண்டில் பதிவான துன்புறுத்தல் நிகழ்வுகள் ஏறத்தாழ 70,000. 2023ஆம் கல்வியாண்டில் 7,30,000க்கும் மேல். இதைப் பார்த்து சட்டம் தோற்றுவிட்டது என்பார் உண்டு. முன்பு கண்ணை மூடிக்கொண்டிருந்தவர்கள் இப்போது எழுதி வைக்கிறார்கள் என்பதே இதன் பெரும்பகுதிக்கான விளக்கம். பதிவு மிகுந்த பள்ளியின் தலைமை ஆசிரியரைக் கூட்டத்தில் எழுப்பி நிறுத்திக் கேள்வி கேட்கும் வழக்கம் இருக்கும்வரை, எந்தப் பதிவேடும் நிரம்பாது. ஆகவே, "பதிவுகளின் எண்ணிக்கையைக் கொண்டு எந்த ஆசிரியரின் பணியும் மதிப்பிடப்படாது" என்ற வரியை உங்கள் விதிமுறையில் தயங்காமல் சேருங்கள். ஓராண்டு முழுவதும் ஒரு பதிவும் இல்லை என்றால் அதைக் கண்டுதான் குழு கவலைப்பட வேண்டும்.


மூன்றாம் பதில்
(எழுதியவர்: பள்ளி மனநல ஆலோசகர்)

முந்தைய இருவரும் பள்ளியையும் சட்டத்தையும் பற்றிப் பேசினார்கள். நான் வகுப்பறையில் பின்வரிசையில் அமர்ந்து வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளைப் பற்றிப் பேச விரும்புகிறேன், ஏனென்றால் துன்புறுத்தல் பெரும்பாலும் அவர்களுக்காகவே நடக்கிறது. பட்டப்பெயரைச் சொல்லும் மாணவன் அதைச் சொல்லிவிட்டு முதலில் பார்ப்பது யார் சிரித்தார்கள் என்பதைத்தான்.

ஃபின்லாந்தில் துர்கு பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டினா சல்மிவல்லியும் அவர் குழுவினரும் உருவாக்கிய கிவா திட்டம் இந்தக் கருத்தின்மீது கட்டப்பட்டது. பார்த்துக்கொண்டிருப்பவர்கள் சிரிக்காமல், பாதிக்கப்பட்ட பிள்ளையின் பக்கம் நிற்கப் பழகிவிட்டால் துன்புறுத்துபவருக்குக் கிடைத்துவந்த மதிப்பு குறையும் என்பது அதன் அடிப்படை. பள்ளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து 2007 முதல் 2009 வரை சோதித்துப் பார்த்துப் பலன் கண்டு, பிறகு நாடெங்கும் விரிவாக்கினார்கள். பாதிக்கப்பட்ட மாணவருடன் பேசுவதோடு நிற்காமல், வகுப்பில் மதிப்புள்ள சில மாணவர்களை அழைத்து, அவருக்குத் துணையாக என்ன செய்யலாம் என்று கேட்பதும் அதில் ஒரு படி. உங்கள் மகளின் பலகையில் முதலில் சென்று அமரும் அந்த ஒரு மாணவியை உருவாக்குவதுதான் இந்த வேலை.

தலைமை ஆசிரியர் ஐயாவிடம் ஒரு சிறு மாறுபாடு. கடுமை பயனற்றது என்பதிலிருந்து, செய்தவருக்கு எந்த விளைவும் வேண்டாம் என்று யாரேனும் புரிந்துகொள்ளக் கூடாது. டொஃபி, ஃபாரிங்டன் என்ற இரு ஆய்வாளர்கள் பல நாடுகளின் தடுப்புத் திட்டங்களைத் தொகுத்து ஆராய்ந்தபோது, அத்திட்டங்கள் துன்புறுத்தலைச் சராசரியாக ஐந்தில் ஒரு பங்கு குறைத்ததைக் கண்டார்கள். மிகுந்த பலனோடு தொடர்புடையவையாக இருந்தவற்றுள் பெற்றோர் கூட்டங்கள், விளையாட்டுத் திடலில் கூர்ந்த மேற்பார்வை ஆகியவற்றோடு, உறுதியான ஒழுங்கு நடவடிக்கையும் அடங்கும். உறுதி வேறு, கடுமை வேறு. தவறாமல் கிடைக்கும் சிறிய விளைவு, எப்போதோ ஒருமுறை விழும் பேரிடியைவிடப் பிள்ளைகளுக்குத் தெளிவாகப் புரிகிறது.

விதிமுறையில் வெளிப்படையாகத் தடை செய்ய வேண்டிய ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இருவரையும் ஓர் அறையில் எதிரெதிரே அமர வைத்து, "இருவரும் கைகுலுக்கிக்கொள்ளுங்கள்" என்று முடித்துவைப்பதைப் பல பள்ளிகள் சமரசம் என்று நம்புகின்றன. சம வலிமை உள்ள இருவரின் சண்டைக்கு அது பொருந்தும். ஏழு மாதங்களாக ஒதுக்கப்பட்ட பிள்ளையை அதற்குக் காரணமானவர் முன்னால் உட்கார வைத்துப் பேசச் சொன்னால், அந்தப் பிள்ளை "ஒன்றுமில்லை" என்றுதான் சொல்லும். அந்தச் சொல்லே பிறகு சான்றாகப் பதிவாகும். இருவரையும் தனித்தனியாகவே விசாரிக்க வேண்டும். முடிந்துவிட்டது என்று எழுதிய பிறகும், இரண்டு வாரம் கழித்து ஒரு முறை, இரண்டு மாதம் கழித்து ஒரு முறை, பாதிக்கப்பட்ட பிள்ளையிடம் தனியாகக் கேட்க வேண்டும்.


மீண்டும் கேள்வி எழுதியவர்

மூவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. தலைமை ஆசிரியர் ஐயா எழுதிய காலி இருக்கையைப் படித்துவிட்டுச் சற்று நேரம் அப்படியே அமர்ந்திருந்தேன். உங்கள் பதில்களைக் குழுவின் மற்ற இருவருக்கும் காட்டினேன். தண்டனைப் பட்டியலைத் தள்ளிவைக்க இருவரும் இசைந்தார்கள். ஓர் ஐயம் மட்டும் எஞ்சியிருக்கிறது. கைப்பேசிக் குழு பள்ளி நேரத்துக்குப் பிறகு, வீட்டிலிருந்து நடத்தப்படுவது. அதில் பள்ளி தலையிட முடியுமா?


வழக்கறிஞரின் பதில்

நாட்டுக்கு நாடு வேறுபடும் என்றாலும், நல்ல சட்டங்கள் இடத்தைக் கேட்பதில்லை, விளைவையே கேட்கின்றன. இங்கிலாந்தின் 2006ஆம் ஆண்டுக் கல்வி மற்றும் ஆய்வுச் சட்டம், எல்லா வகைத் துன்புறுத்தலையும் தடுக்கும் ஏற்பாடுகளைத் தலைமை ஆசிரியரின் கடமையாக வைத்ததோடு, நியாயமான அளவுக்குப் பள்ளி வளாகத்துக்கு வெளியே மாணவர் நடத்தையையும் ஒழுங்குபடுத்த இடம் தந்தது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2021இல் மஹனாய் வழக்கில், வளாகத்துக்கு வெளியே பேசிய மாணவியின் பேச்சுரிமையைக் காத்துத்தான் தீர்ப்பளித்தது. ஆயினும் குறிப்பிட்ட ஒருவரைக் குறிவைக்கும் கடுமையான துன்புறுத்தலில் பள்ளிக்கு அக்கறை இருக்கக்கூடும் என்பதை அதே தீர்ப்பு குறித்துக்காட்டியது. மாணவர்களின் கைப்பேசியைப் பறித்துச் சோதிக்கும் அதிகாரத்தை மட்டும் விதிமுறையில் எழுதிவிடாதீர்கள். அது வேறு உரிமைச் சிக்கல்களைக் கொண்டுவரும். பெற்றோர் தரும் திரைப்பதிவைச் சான்றாக ஏற்பதாக எழுதினாலே போதும்.

பள்ளிக்குத் தெரிந்திருந்தது என்பதற்கான பதிவின் மதிப்பையும் குறிப்பிட வேண்டும். அதே நீதிமன்றம் 1999இல் டேவிஸ் வழக்கில், சக மாணவரின் பாலியல் தொல்லை தெரிந்திருந்தும் வேண்டுமென்றே பாராமுகமாக இருந்த பள்ளி நிர்வாகத்தைப் பொறுப்பாக்கலாம் என்று ஐவருக்கு நால்வர் என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. "தெரிந்திருந்தும்" என்ற அந்த ஒரு சொல்லை மெய்ப்பிக்கத்தான் குடும்பங்கள் அல்லாடுகின்றன. ஆகவே, புகாரை எழுதிப் பெற்றுக்கொண்டதற்கு நாளிட்ட ஒப்புகைச் சீட்டு ஒன்றைப் பெற்றோரின் கையில் கொடுப்பது கட்டாயம் என்று எழுதுங்கள். வாய்மொழிப் புகாருக்கும் அது பொருந்த வேண்டும்.


மீண்டும் கேள்வி எழுதியவர்

முதல் பிரிவை நேற்றிரவு இப்படி எழுதினோம்: "ஒரு மாணவர் துன்புறுத்தப்படுவதைக் கண்ட அல்லது கேள்வியுற்ற ஆசிரியர், அலுவலர் எவராயினும், அன்றைய தினமே தலைமை ஆசிரியரிடம் தெரிவித்துப் பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும். தலைமை ஆசிரியர் அடுத்த பள்ளி நாளுக்குள் விசாரணையைத் தொடங்கி, பத்துப் பள்ளி நாள்களுக்குள் முடித்து, முடிவை இரு தரப்புப் பெற்றோருக்கும் எழுத்தில் தர வேண்டும். பாதிக்கப்பட்ட மாணவரின் வகுப்போ இருக்கையோ அவர் விரும்பினால் அன்றி மாற்றப்படக் கூடாது."


ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியரின் பதில்

நன்றாக வந்திருக்கிறது. இரண்டு திருத்தங்கள். தலைமை ஆசிரியர் விடுப்பில் இருந்தாலோ, குற்றம் சாட்டப்பட்ட மாணவர் அப்பள்ளி ஆசிரியர் ஒருவரின் பிள்ளையாக இருந்தாலோ விசாரிப்பவர் யார் என்பதை இப்போதே பெயர் குறிப்பிட்டு எழுதிவையுங்கள். அந்த நாள் வரும்போது எழுத யாருக்கும் துணிவு இருக்காது. இரண்டாவது, மூன்றாம் வாக்கியத்தில் "மாற்றப்படக் கூடாது" என்று மீண்டும் செய்பவரை விட்டுவிட்டீர்கள். "தலைமை ஆசிரியர் மாற்றக் கூடாது" என்று எழுதுங்கள்.